கரடும் அந்திமமும்: அரசியல்வாதிகளின் தொழிலாளர் நிலைப்பாட்டைத் தொகுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு பொம்மனஹள்ளியில் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு நான்கு இளைஞர்கள் ஒரு பெரிய சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். கர்நாடகத்து அரசியல்வாதிகளில் யார் யார் கூலி, வேலைவாய்ப்பு, தொழிலாளர் உரிமை ஆகியவற்றில் என்ன நிலைப்பாடு எடுத்திருக்கிறார்கள் என்று தொகுத்து, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த கார்மென்ட்ஸ் தொழிலாளர்களிடம் துண்டறிக்கையாகக் கொடுப்பது அவர்களுடைய திட்டம். இதே வேலையைப் பல தேர்தல்களாக நானும் செய்துவருகிறேன் என்பதால், அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துத் தரும்படி கேட்டார்கள். விரித்துப் பார்த்தபோது, நான் தொடக்கத்தில் போட்ட கட்டங்களும் அந்தக் கட்டங்களுக்குள் நான் செய்த பிழைகளும் வரிசை மாறாமல் அப்படியே இருந்தன.

எழுத்துப்பிழை, தொகுதிப் பெயர்க் குழப்பம், பழைய படத்தைப் போடுவது போன்றவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவை இரண்டாம் முறை படித்தாலே கண்ணில் பட்டுவிடும்.

பச்சைக் குறியும் சிவப்புக் குறியும்

வேண்டாம். ஒரு மனிதர் 12 மணி நேர வேலையை எதிர்த்து, மண்ணின் மைந்தர் ஒதுக்கீட்டை ஆதரித்து, பிஎஃப் பற்றி வாயே திறக்காமல் இருக்கலாம். அவருக்கு எந்த நிறம் போடுவீர்கள்?

கரடை அந்திமமாக வாசிப்பது

இந்த ஒரு தவறைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் எட்டு ஆண்டுகள் கழிந்தும் இதை நினைத்தால் எனக்கு என்மீதே எரிச்சல் வருகிறது.

2018 பிப்ரவரியில் கர்நாடகத் தொழிலாளர் துறை, தையல் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. மே மாதத்தில் சட்டமன்றத் தேர்தல் வரவிருந்த நேரம் அது. எனக்குக் கன்னடம் பேசவும் ஓரளவு படிக்கவும் வரும் என்ற துணிச்சலில், வாட்ஸ்அப்பில் வந்த பக்கத்தைப் பார்த்து, 'ஆளுங்கட்சி கார்மென்ட்ஸ் கூலியை உயர்த்திவிட்டது' என்று தலைப்பிட்டு, சிவாஜிநகரில் ஓர் அச்சகத்தில் ஆயிரம் படிகள் அடித்து, ஓசூர் சாலை ஆலைகளின் வாசல்களில் ஷிப்ட் விடும் நேரத்தில் நின்று கொடுத்தேன். அந்தப் பக்கத்தின் உச்சியில் 'கரடு அதிசூசனெ' என்று இருந்தது. 'அதிசூசனெ' என்றால் அறிவிக்கை என்பது எனக்குத் தெரியும். 'கரடு' என்ற சொல்லைக் கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. தமிழில் கரடு என்றால் கரடுமுரடு. கன்னடத்தில் அது வரைவு. அந்த வரைவு மார்ச் மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது.

எங்கள் தெருவில் இருந்த ஓர் அக்கா, ஒரு கார்மென்ட்ஸ் ஆலையில் பதினோரு ஆண்டுகளாகக் காலர் தைத்துக்கொண்டிருந்தவர், என் துண்டறிக்கையை நான்காக மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டு, அடுத்த மாதச் சம்பளம் கூடும் என்ற கணக்கில் 1,000 ரூபாய்ச் சீட்டை விட்டுவிட்டு 2,500 ரூபாய்ச் சீட்டில் சேர்ந்தார். சம்பளச் சீட்டில் பழைய தொகையே வந்தபோது அந்தத் தாளை எச்ஆரிடம் நீட்டியிருக்கிறார். அங்கிருந்தவர் சிரித்துவிட்டு, அந்தக் கன்னடப் பக்கத்தின் மூலத்தைக் கணினியில் திறந்து, முதல் சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். அன்று மாலை அக்கா என் வீட்டுப் படியில் உட்கார்ந்து, கோபமே இல்லாத குரலில், "தம்பி, நீ தமிழ்ல எழுதியிருந்தே, அதான் நம்பினேன்" என்றார். மூன்று மாதம் அந்தச் சீட்டுப் பணத்தின் மேல்தொகையை நான் கட்டினேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கட்டவிடவில்லை.

ஆகவே முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்தபட்ச ஊதியத்தை அரசு நேரடியாக அறிவிக்கை மூலம் திருத்த விரும்பினால், முதலில் தன் முன்மொழிவை அரசிதழில் வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாதம் ஆட்சேபம் தெரிவிக்க இடம் கொடுத்து, ஆலோசனைக் குழுவிடம் கலந்துகொண்டு, அதன் பிறகே இறுதி அறிவிக்கையை வெளியிட வேண்டும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது இருந்தது, 2019-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. கன்னடத்தில் முதலாவது 'கரடு', கடைசி 'அந்திம'. இரண்டுக்கும் இடையில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அமைச்சரைச் சந்திக்கின்றன, நீதிமன்றம் செல்கின்றன, தேர்தல்கூட வந்துபோகிறது. 2025 ஏப்ரலில் மீண்டும் ஒரு வரைவு வெளியானது. அதில் தனித்திறன் தேவைப்படாத வேலைக்கே பெங்களூரு அடங்கிய முதல் மண்டலத்தில் மாதம் 23,376 ரூபாயும், கடைசி மண்டலத்தில் 19,319 ரூபாயும் முன்மொழியப்பட்டிருந்தன. அன்றிரவே இந்த நால்வரில் ஒருவன், 'இனி குறைந்தபட்சம் 23,376' என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினான். மண்டலமும் இல்லை, வரைவு என்ற சொல்லும் இல்லை. பதினோரு மணிக்கு அவனைத் தொலைபேசியில் அழைத்து நீக்கவைத்தேன். அக்காவின் கதையைச் சொன்ன பிறகுதான் நீக்கினான்.

மசோதா விஷயத்தில் படிகள் வேறு. அமைச்சரவை ஒப்புதல், அவையில் அறிமுகம், இரு அவைகளிலும் நிறைவேறுதல், ஆளுநர் ஒப்புதல், மத்தியச் சட்டத்தோடு முரண்படும் திருத்தமானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல், அரசிதழ். எந்தப் படியில் நிற்கிறது என்று எழுதாத வரி பயனற்ற வரி. 2024 ஜூலையில் உள்ளூர்வாசிகளுக்கான வேலை ஒதுக்கீட்டு மசோதா வந்தபோது தமிழர்களான நம் வீடுகளில் எவ்வளவு பதற்றம் இருந்தது என்பது அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். 15-ஆம் தேதி அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நிர்வாகப் பணிகளில் 50 விழுக்காடும் மற்ற பணிகளில் 70 விழுக்காடும் உள்ளூர்வாசிகளுக்கு என்பது அதன் சாரம். 16-ஆம் தேதி முதலமைச்சர் சித்தராமையாவின் சமூக ஊடகப் பதிவில் சி, டி பிரிவு வேலைகளில் 100 விழுக்காடு என்று வந்து, பிறகு அந்தப் பதிவு நீக்கப்பட்டது. தொழில்துறையின் எதிர்ப்புக்குப் பிறகு, 17-ஆம் தேதி மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மூன்று நாட்களில் மூன்று நிலை. நம் பையன்களின் கட்டத்தில் ஒருவன் 100 என்றும், ஒருவன் 70 என்றும், மூன்றாமவன் 'வாபஸ்' என்றும் எழுதியிருந்தான். நிறுத்திவைப்பது வேறு, வாபஸ் வாங்குவது வேறு. நிறுத்திவைத்ததை எடுத்து மீண்டும் மேசையில் வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மேலும், அந்த மசோதாவின்படி உள்ளூர்வாசி என்பவர் கர்நாடகத்தில் பிறந்து, 15 ஆண்டுகள் வசித்து, கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்தவர். மர்பி டவுனில் பிறந்து கன்னடப் பள்ளியில் படித்த தமிழர் பிள்ளை அந்த வரையறைக்குள் வருவான்; சேலத்திலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்தவர் வரமாட்டார். 'தமிழருக்கு எதிரான மசோதா' என்று ஒரே வரியில் முடித்தால் இந்த இருவரில் ஒருவரிடம் பொய் சொன்னதாகிவிடும்.

பேசியவர் எந்த நாற்காலியில் இருந்தார் என்று எழுதாதது

ஆலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தரும் திருத்தம், வார வரம்பு 48 மணி என்ற நிபந்தனையோடு, 2023 பிப்ரவரியில் பாஜக ஆட்சியில், பசவராஜ் பொம்மை முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு ஆகஸ்டில், மே மாதம் ஆட்சி மாறி காங்கிரஸ் வந்த பிறகு. இதை ஒரு கட்சியின் கணக்கில் மட்டும் எழுதுகிறவர் பாதிக் கதையைத்தான் எழுதுகிறார். எதிர்வரிசையில் அமர்ந்து ஒருவர் பேசியதையும், அமைச்சராக அவர் கையெழுத்திட்டதையும் தேதியோடு அடுத்தடுத்து வையுங்கள். படிக்கிறவர் மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

இதன் இன்னொரு வடிவம், ஒருவர் தன் கருத்தாகச் சொன்னதையும் பிறர் கோரிக்கையாக எடுத்துச் சொன்னதையும் கலப்பது. 2024-இல் ஐடி ஊழியர்களுக்கு 14 மணி நேர வேலை என்ற பேச்சு எழுந்தபோது, தொழிலாளர் அமைச்சர் சந்தோஷ் லாட், இது தொழில்துறையிடமிருந்து வரும் அழுத்தம் என்று கூறினார். அதை 'அமைச்சர் 14 மணி நேர வேலையை ஆதரிக்கிறார்' என்றும் எழுதினார்கள், 'எதிர்க்கிறார்' என்றும் எழுதினார்கள். அவர் சொன்னதை மட்டும் எழுதியிருந்தால் போதும்.

எல்லாப் பணத்தையும் சம்பளம் என்று எழுதுவது

ஊர்களில் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளர்கள் 2025 ஜனவரியில் பெங்களூரு சுதந்திரப் பூங்காவில் குளிரில் படுத்துப் போராடியபோது, மாதம் 10,000 ரூபாய் என்ற உறுதிமொழியை முதலமைச்சர் தந்தார். நம் கட்டத்தில் அது 'சம்பளம் 10,000' என்று இருந்தது. அவர்கள் பெறுவது கௌரவதனம், அதாவது மதிப்பூதியம். அதனோடு வேலைக்கேற்ற ஊக்கத்தொகை தனி. உறுதியளித்த தொகை ஊக்கத்தொகையை உள்ளடக்கியதா, அதற்கு மேலா என்ற ஒரு கேள்வியில்தான் அந்தப் பெண்களின் மாத வருமானமே தொங்குகிறது. மதிப்பூதியம் என்று பெயர் வைத்துவிட்டால் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் பக்கம் போக வேண்டியதில்லை என்பது அரசுகளுக்கு நன்றாகத் தெரியும். நாமே அதைச் சம்பளம் என்று எழுதி அந்த வேறுபாட்டை மறைத்துக் கொடுக்கிறோம்.

உணவு கொண்டுவந்து தரும் தம்பிகளுக்கான 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். நிறுவனங்களிடம் 1 முதல் 5 விழுக்காடு வரை நலக் கட்டணம் வாங்கி நிதியாகச் சேர்ப்பது அதன் ஏற்பாடு. ஒரு டெலிவரிக்கு எத்தனை ரூபாய் கிடைக்கும் என்பதை அது உயர்த்தவில்லை.

டெல்லிக்கு உரியதை விதான சௌதாவிடம் கேட்பது

தொழிலாளர் விவகாரம் மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது என்பதால், எல்லாவற்றுக்கும் விதான சௌதாவில், அதாவது மாநிலச் சட்டமன்றத்தில், அமரும் எம்எல்ஏவிடம் பதில் உண்டு என்று பொருளில்லை. பிஎஃப் மத்திய அரசின் கையில் இருக்கிறது. பிஎஃப்பில் முதலாளி செலுத்தும் பங்கை எடுப்பதற்கு 58 வயது வரை கட்டுப்பாடு விதித்ததை எதிர்த்து 2016 ஏப்ரலில் கார்மென்ட்ஸ் பெண்கள் ஓசூர் சாலையில் அமர்ந்தபோது, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது மத்தியத் தொழிலாளர் அமைச்சகம். அந்த இரண்டு நாளில் மாநிலத் தலைவர்கள் சொன்ன ஆறுதல்களை நிலைப்பாடு என்று தொகுத்துவிடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுச் செய்தியைக் கலப்பது

அங்கே 12 மணி நேர மசோதா 2023 ஏப்ரல் 21-இல் நிறைவேறி, மே நாளன்று வாபஸ் என்று முதலமைச்சர் ஸ்டாலினால் அறிவிக்கப்பட்டது. இங்கே அது சட்டமானது. ஊரிலிருந்து வரும் மாமாவின் வாட்ஸ்அப் செய்தி இங்கே செல்லாது.

நாமே மொழிபெயர்த்ததை மேற்கோள் குறிக்குள் போடுவது

போடாதீர்கள்.

வாய் திறக்காததை விட்டுவிடுவது

கர்நாடகத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் தேதியில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் அகவிலைப்படி கூட வேண்டும். 2020-இல் அந்த உயர்வு மாதம் ஏறத்தாழ 417 ரூபாய். எடியூரப்பா ஆட்சியில், கொரோனாவைக் காரணம் காட்டி, அதை அடுத்த மார்ச் இறுதி வரை தள்ளிவைத்து ஜூலையில் ஓர் ஆணை வெளியிட்டார்கள். உயர் நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது. இதைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் முழங்கியதாக எனக்கு நினைவில்லை. பேச்சுகளை மட்டும் சேர்த்துக்கொண்டிருந்த நான் இதைப் பார்க்கவே இல்லை. காலர் தைக்கும் அதே அக்கா தன் சம்பளச் சீட்டுகளை வரிசையாக ஊசி குத்தி வைத்திருந்தார். விடிஏ, அதாவது அகவிலைப்படி, என்ற வரியில் எண் மாறவில்லையே என்று அவர் கேட்ட பிறகுதான் நான் அந்த ஆணையைத் தேடி எடுத்தேன்.

இதைச் சொன்னபோது நால்வரில் இளையவன் சார்ட் பேப்பரின் வலது ஓரத்தில் பென்சிலால் 'பேசாமல் போட்ட ஆணை' என்று ஒரு பத்தி வரையத் தொடங்கினான். ஓரத்தில் இடம் போதவில்லை. தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் கட்டங்களை முதலிலிருந்து போட ஆரம்பித்தார்கள்.