மிளகாய் இலை சுருட்டலை வைத்து ஒரு செய்முறை: ஏஐ துணையோடு வலைப்பதிவு எழுதி கூகுளில் மேலே வருவது எப்படி?

"மிளகாய்ச் செடி பற்றி 1000 சொல்லில் ஒரு கட்டுரை எழுது" என்று சாட்ஜிபிடியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். அதை எடுத்து கூகுளின் இலவச வலைப்பதிவுத் தளமான பிளாக்கரில் ஒட்டிவிட்டால் பதிவு தயார். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் என் மாடித்தோட்ட பிளாக்கில் ஏழெட்டுப் பதிவுகள் போட்டேன். எங்கள் வீட்டு ஆட்களைத் தவிர யாரும் படிக்கவில்லை. வீட்டு ஆட்களில் ஒருவர் படித்ததால் வந்த வினையைக் கீழே சொல்கிறேன்.

இங்கே ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை செய்து காட்டுகிறேன். தலைப்பு, மிளகாய் இலை சுருட்டல். உங்கள் பிளாக் சமையலாக இருக்கலாம், டிஎன்பிஎஸ்சி பாடமாக இருக்கலாம், பைக் ரிப்பேராக இருக்கலாம். வழி இதுதான்.

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஏஐ எழுதியது என்று தெரிந்தால் கூகுள் ஒதுக்கிவிடுமா? 2023 பிப்ரவரியில் கூகுள் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. யார் எழுதினார்கள், எதைக் கொண்டு எழுதினார்கள் என்பது பிரச்சினை இல்லை, படிப்பவருக்குப் பயன்படுகிறதா என்றுதான் பார்ப்போம் என்றது. ஆனால் 2024 மார்ச்சில் ஸ்பேம் (குப்பைப் பக்கங்கள்) பற்றிய விதிகளை மாற்றியபோது, தேடலில் இடம் பிடிப்பதற்காகவே பக்கம் பக்கமாக உற்பத்தி செய்வதைத் தனிக் குற்றமாகச் சேர்த்தது. அதை ஏஐ செய்தாலும் மனிதர் செய்தாலும் ஒன்றுதான். அதற்கு முன்பே, 2022 டிசம்பரில், பக்கங்களின் தரத்தைப் பார்க்கும் மதிப்பீட்டாளர்களுக்கான கையேட்டில் 'அனுபவம்' என்ற சொல்லையும் சேர்த்திருந்தார்கள். எழுதியவர் அந்த வேலையைக் கையால் செய்து பார்த்தவரா என்ற கேள்வி அது. ஏஐக்கு மாடியும் இல்லை, தொட்டியும் இல்லை. அந்தப் பங்கு உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

படி 1: தேடுகிறவர் எப்படித் தட்டுகிறார் என்று பாருங்கள்

பிரவுசரில் மறைநிலை (இன்காக்னிட்டோ) ஜன்னலைத் திறந்து, கூகுளில் "மிளகாய் இலை" என்று மட்டும் தட்டி நிறுத்துங்கள். கீழே விழுகிற வரிகளை அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு "மிளகாய் செடி" என்று தட்டிப் பாருங்கள். அப்புறம் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியும் ஒருமுறை பாருங்கள், நிறையப் பேர் அப்படித்தான் தேடுகிறார்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. இலக்கணப்படி "மிளகாய்ச் செடி", "மாடித் தோட்டம்" என்று எழுத வேண்டும். தேடுகிறவர் ஒற்றுப் போட மாட்டார். "மிளகாய் செடி இலை சுருட்டல்" என்பார், "சுருட்டை" என்பார், "இலை சுருங்குது என்ன செய்வது" என்றும் கேட்பார். ஏஐயோ "இலைச் சுருள் நோய் மேலாண்மை" என்று ஒரு வேளாண்மைத் துறைத் துண்டறிக்கை போலத் தலைப்பு வைக்கும். அந்தச் சொல்லை எந்த வீட்டில் சொல்கிறார்கள்? உள்ளே ஒற்றோடு ஒழுங்காக எழுதுங்கள். தலைப்பிலும் ஓரிரு துணைத் தலைப்பிலும் மக்கள் தட்டுகிற வடிவத்தை விட்டுவைக்கலாம். இலக்கணக்காரர்கள் என்னைத் திட்டினாலும் சரி.

படி 2: ஏஐயைத் திறக்கும் முன் பத்து நிமிடம்

பெரும்பாலானவர்கள் தாண்டிவிடும் படி இது. எழுதப் போகிற விஷயத்தில் நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் குறிப்பாக எழுதுங்கள். தட்டச்சு வராவிட்டால் போனில் ஜிபோர்டு (கூகுள் கீபோர்டு) மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும்.

என் குறிப்பு இப்படி இருந்தது: "ரெண்டு தொட்டி. ஒன்றில் இலை மேலே மடங்கி ஓடம் மாதிரி. இன்னொன்றில் கீழே கவிழ்ந்து, காம்பு நீளமாக. முதல் தொட்டிக் கொழுந்தை வெள்ளைத் தாளில் தட்டினேன், நூல் மாதிரி மெல்லிசாகப் பூச்சி ஊர்ந்தது. ரெண்டாவதில் தாளில் ஒன்றும் தெரியவில்லை. சுருண்ட இலை நேராகவில்லை, புதுக் கொழுந்து மட்டும் நன்றாக வந்தது." கூடவே போனில் எடுத்த நான்கு படம்.

பார்க்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் முதல் தொட்டியில் இருந்தது இலைப்பேன், இரண்டாவதில் சிலந்திப்பேன், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சி. மருந்தும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "வேப்பெண்ணெய் தெளியுங்கள்" என்று முடித்துவிடும் பதிவுகள்தான் இணையம் முழுக்கக் கிடக்கின்றன.

படி 3: எழுதச் சொல்லாதீர்கள், கேட்கச் சொல்லுங்கள்

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மூன்றில் எதுவானாலும் இலவசக் கணக்கே இதற்குப் போதும். ஜெமினி செயலி 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழும் சேர்ந்துதான் வந்தது. நான் கொடுக்கும் முதல் ப்ராம்ப்ட் (ஏஐக்குச் சொல்லும் கட்டளை) இது:

"கீழே இருப்பது என் மாடித்தோட்டக் குறிப்பு. முதல் முறை மிளகாய் வைத்தவருக்காக எழுதப் போகிறேன். இப்போது கட்டுரை எழுத வேண்டாம். இந்தக் குறிப்பைப் படிக்கிற புது ஆளுக்கு எங்கெல்லாம் சந்தேகம் வரும்? எட்டுக் கேள்வி கேள். நான் தெரியாது என்று சொல்லும் இடத்தை நீயாக நிரப்பாதே."

வந்த கேள்விகளில் மூன்று நான்கு சப்பை. மற்றவை நான் யோசிக்காதவை. சுருண்ட இலை மறுபடி நேராகுமா? மருந்து வேலை செய்கிறது என்று எத்தனை நாளில், எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? பக்கத்துத் தொட்டித் தக்காளியைத் தள்ளி வைக்க வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, இரண்டு வரியில் பதில் எழுதுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்றே எழுதுங்கள். இந்தக் கேள்விகளில் பாதி, படி 1-இல் நோட்டில் எழுதிய தேடல் வரிகளோடு ஒத்துப்போவதைப் பார்ப்பீர்கள். அவைதான் உங்கள் துணைத் தலைப்புகள்.

படி 4: வரைவு

இப்போது எழுதச் சொல்லலாம், ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும். ப்ராம்ப்ட்டில் இரண்டு கட்டளை கட்டாயம் இருக்கட்டும். ஒன்று: "என் குறிப்பிலும் பதில்களிலும் இல்லாத அளவு, மருந்துப் பெயர், ஆண்டு எதையும் சேர்க்காதே. தேவைப்பட்டால் அந்த இடத்தில் [சரிபார்] என்று மட்டும் போடு." இரண்டு: "முன்னுரையும் முடிவுரையும் வேண்டாம். முதல் வரியிலேயே பதிலைச் சொல்."

ஏன் பகுதி பகுதியாக? ஏஐ எழுத்தை 'டோக்கன்' என்ற சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கிறது, எழுதுகிறது. ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத் துண்டுகள் அதிகம் செலவாகும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது, ஒரே மாதிரி வாக்கியத்துக்கு முன்பு 116 துண்டுகள் பிடித்த தமிழ் 35 ஆகக் குறைந்ததாக, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ காட்டியது. இப்போது நிலைமை பரவாயில்லை. ஆனாலும் நீளமாகக் கேட்டால் பின்பாதியில் சொன்னதையே திருப்பிச் சொல்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

படி 5: களையெடுப்பு

நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். எனக்கு வந்த ஒரு வரைவு:

"மிளகாய் சாகுபடியில் இலை சுருட்டல் என்பது ஒரு முக்கியமான சவாலாகும். இது செடியின் ஆரோக்கியத்தில் குறிப்பிடத்தக்க தாக்கத்தை ஏற்படுத்துகிறது. சரியான பராமரிப்பு முறைகளைப் பின்பற்றுவதன் மூலம் இதைத் திறம்பட எதிர்கொள்ள முடியும்."

மூன்று வாக்கியம், ஒரு செய்தி இல்லை. நான் மாற்றியது:

"இலை மேல்பக்கம் மடங்கி ஓடம் மாதிரி நிற்கிறதா, கீழே கவிழ்ந்து தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். மேலே மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன். கீழே கவிழ்ந்து காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன். சந்தேகமாக இருந்தால் கொழுந்தை ஒரு வெள்ளைத் தாளில் தட்டுங்கள்."

"முக்கியப் பங்கு வகிக்கிறது", "இன்றைய வேகமான உலகில்", "என்பதில் ஐயமில்லை" மாதிரி வரிகளைக் கண்டால் யோசிக்காமல் வெட்டுங்கள். வாய்விட்டுப் படித்தால் தானாகவே பிடிபடும். பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்படிப் பேசுவீர்களா என்று பாருங்கள்.

அடுத்தது எண்கள். முன்னால் சொன்ன வினை இதில்தான் வந்தது. ஒரு ஏஐ கருவி எழுதித் தந்த பழைய பதிவில் "ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி வேப்பெண்ணெய்" என்று இருந்தது. நான் பார்க்காமல் வெளியிட்டுவிட்டேன். செங்கோட்டையில் இருக்கும் சித்தி அதைப் படித்துவிட்டு நல்ல வெயிலில் தெளித்துவிட்டார். மூன்றாம் நாள் போன். "நீ போட்ட அளவுதானேடா கலந்தேன், கொழுந்தெல்லாம் கருகிப் போச்சே!" நான் கலப்பது லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, சாயங்காலத்தில். யோசித்துப் பார்த்தபோது குழப்பம் எங்கே என்று புரிந்தது. வேப்பங்கொட்டைக் கரைசலை 5 சதவீதமாகத் தயாரிக்க லிட்டருக்கு 50 கிராம் கொட்டைப் பருப்பு போடுவார்கள். அந்தக் கணக்கை அப்படியே எண்ணெய்க்குத் தூக்கி வைத்திருக்கிறது. பார்த்தால் நம்பும்படியாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து.

அதனால் அளவு, தேதி, விலை, சட்டம், மருந்து என்று எது வந்தாலும் ஏஐயிடமே "இது சரியா?" என்று கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். மருந்து டப்பாவின் லேபிள், வேளாண் பல்கலைக்கழகத்தின் பக்கம், அரசு ஆணை என்று மூலத்தைத் திறந்து பாருங்கள். சித்திக்கு நான் புது நாற்று வாங்கிக் கொடுத்தது தனிக்கதை.

படி 6: தலைப்பு, முகவரி, படம்

இதில் பெரிய வித்தை இல்லை. தலைப்புக்குப் பத்து மாற்று கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேடல் முடிவில் இடம் குறைவு, நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்படும். "மிளகாய் இலை சுருட்டல்" என்பது முதலிலேயே வரட்டும்.

பிளாக்கரில் தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால், அது தானாக வைக்கும் இணைய முகவரி 'பிளாக்-போஸ்ட்' என்றும் ஒரு எண்ணுமாக வரும். வேர்ட்பிரஸில் தமிழ் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் சதவீதக் குறிகளாக நீண்டு பயமுறுத்தும். வெளியிடும் முன்பே ஆங்கில எழுத்தில் நான்கைந்து சொல்லில் சின்ன முகவரி வைத்துவிடுங்கள். தரவரிசைக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஏறாது, ஆனால் பகிர்பவர்களுக்கு நல்லது.

தேடல் விவரம், அதாவது தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரக்கூடிய சுருக்கம், இரண்டு வரி போதும். பிளாக்கரில் அந்தப் பெட்டி தெரியவில்லை என்றால் அமைப்புகளில் மெட்டா டேக் பகுதியில் அதை இயக்க வேண்டும். கீவேர்டு டேக் (பக்கத்துக்குள் மறைவாகத் தேடல் சொற்களை அடுக்குவது) என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அதைப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே கூகுள் சொல்லிவிட்டது. படம் உங்கள் மாடியில் எடுத்ததாக இருக்கட்டும், மாற்று உரையில் (படத்துக்கான 'ஆல்ட்' பெட்டியில்) படத்தில் இருப்பதை எழுதுங்கள். ஏஐ வரைந்த மிளகாய்ச் செடியில் நோய் அடையாளம் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது.

படி 7: சர்ச் கன்சோல்

உங்கள் பக்கம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் கருவி இது. இலவசம்தான். உங்கள் தளத்தைச் சேர்த்து, சைட்மேப்பை (தளத்தின் பக்கப் பட்டியலை) கொடுத்து, புதுப் பதிவின் முகவரியை மேலே உள்ள பெட்டியில் ஒட்டி இண்டெக்ஸ் செய்ய (கூகுள் பட்டியலில் சேர்க்க) கோருங்கள். பிறகு கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். தினமும் திறந்து பார்த்தால் மனசுதான் கெடும்.

இரண்டு மாதம் கழித்து செயல்திறன் அறிக்கையைத் திறங்கள். எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று இருக்கும். 8-இலிருந்து 20-ஆம் இடத்துக்குள் இருக்கிற தேடல்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அந்தப் பட்டியலை நகலெடுத்து ஏஐயிடம் கொடுத்து, "என் பதிவு இதோ. இந்தத் தேடல்களில் எதற்கு இதில் பதிலே இல்லை?" என்று கேளுங்கள். இந்த மாதிரி சலிக்கும் வேலையில் அது கெட்டி.

எனக்கு வந்த பட்டியலில் "மிளகாய் பூ கொட்டுவது ஏன்" என்ற தேடல் திரும்பத் திரும்ப இருந்தது. என் பதிவில் பூவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்போது மூன்றாவது தொட்டியில் பூ கொட்டிக்கொண்டிருக்கிறது. நோட்டோடு மாடிக்குப் போகிறேன்.