வெள்ளைக் கம்பளி நூலுக்குத் தலைமுடி டை

கம்பளியும் தலைமுடியும் கெரட்டின் என்ற புரதம்தான். அதனால் நிரந்தர ஹேர் டை கம்பளி நூலிலும் நன்றாகவே பிடிக்கும். மற்ற சாயங்களைப் போல இதைக் கொதிக்க மட்டும் வைக்காதீர்கள். டியூபில் இருப்பது சாயமே அல்ல. பிபிடி (பாரா-ஃபீனைலீன்டையமீன்) போன்ற நிறமற்ற சிறு மூலக்கூறுகளும் ரெசார்சினால் மாதிரி ஒரு துணைப்பொருளும்தான். அம்மோனியா இழையை உப்ப வைக்கும், அதன் மேற்பரப்புச் செதில்கள் விலகும், இவை உள்ளே நுழையும். அங்கே, டியூபோடு கலக்கும் டெவலப்பர் திரவத்திலுள்ள பெராக்சைடு பிபிடியை ஆக்சிஜனேற்ற, அது துணைப்பொருளோடு கோத்துக்கொண்டு, வந்த வழியே திரும்ப முடியாத அளவுக்குப் பெருத்துவிடும். ரெசார்சினால் சேர்ந்தால் பச்சை கலந்த பழுப்பு, மெட்டா அமினோபீனால் சேர்ந்தால் சிவப்புச் சாயல்.

நூல் சிட்டத்தை ஷாம்பு போட்டு அலசி, பிழிந்து, ஈரமாகவே வைத்திருங்கள். கம்பளிக் கொழுப்பு மிச்சமிருந்தால் திட்டுத்திட்டாகத்தான் வரும். பிளாஸ்டிக் கிண்ணம் போதும். இரும்பும் செம்பும் பெராக்சைடைச் சிதைத்துவிடும்.

டெவலப்பர் எது? தலையில் பெராக்சைடுக்கு இரண்டு வேலை: முடியின் சொந்த நிறத்தை வெளுப்பது, புது நிறத்தை உண்டாக்குவது. வெள்ளைக் கம்பளியில் வெளுக்க ஒன்றுமில்லை. அதனால் நான் 3 சதவீத பெராக்சைடைத் தாண்டுவதில்லை. அதற்கு மேல் போனால் கம்பளியின் கந்தகப் பிணைப்புகள் உடைந்து நூல் சொரசொரப்பாகிவிடும்.

டியூபில் உள்ளதையும் டெவலப்பரையும் கலந்தவுடன் பூசுங்கள். கிண்ணத்திலேயே கறுத்த பிறகு பூசினால் மேலோடு ஒட்டி, அலசும்போது போய்விடும். பலர் கிண்ணத்து நிறத்தைப் பார்த்து மகிழ்கிறார்கள்; அது வீணான சாயம்! விரலால் அழுத்தி ஊட்டுங்கள், கசக்கினால் நூல் திரண்டு கெட்டியாகும். 30 நிமிடம் கழித்து ஓரிடத்தில் முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். உள் இழைகள் வெள்ளையாக இருந்தால் கலவை ஊறவில்லை என்று அர்த்தம்.

அலசும் தண்ணீரின் சூடு மாறக் கூடாது. நிறம் கசிவது நிற்கும்வரை அலசி, கடைசியாக வினிகர் கலந்த நீரில் முக்குங்கள். காரத்தன்மை தணியும், செதில்கள் படியும்.

கையுறை கட்டாயம். பிபிடி ஒவ்வாமை கடுமையானது. கறுப்பு மருதாணியால் (அதிலும் பெரும்பாலும் பிபிடிதான்) கொப்புளம் கண்டவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மிஞ்சிய கலவையைப் பாட்டிலில் மூடி வைக்காதீர்கள். ஆக்சிஜன் வாயு சேர்ந்து வெடித்துவிடும்.