எந்த லினக்ஸ் நமக்கு? உங்கள் கணினியிலேயே அளந்து பார்க்கும் வழி

"அண்ணே, இருக்கிறதிலேயே ஃபாஸ்ட்டான லினக்ஸ் எது?"

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததிலிருந்து இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். கடைசியாக வந்தவன் பக்கத்துத் தெருத் தம்பி. கையில் ஒரு பழைய லேப்டாப்; 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். லினக்ஸ் வகைகளை (இவற்றை டிஸ்ட்ரோ என்பார்கள்) பட்டியலிடும் டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் வரிசையைப் பார்த்து மேலே இருந்த மூன்றை டவுன்லோட் செய்தே வந்திருந்தான். அந்த வரிசை, ஒவ்வொரு டிஸ்ட்ரோவின் பக்கத்தையும் அந்தத் தளத்தில் எத்தனை முறை திறந்தார்கள் என்ற கணக்கு, அவ்வளவுதான். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அவனோடு உட்கார்ந்து செய்ததை அப்படியே எழுதுகிறேன். 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று, ஒரு நோட்டு, சனி ஞாயிறு இரண்டு நாள் போதும். கட்டளைகளைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

படி 1: மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்

எந்த டிஸ்ட்ரோவிலும் அதே ஃபயர்ஃபாக்ஸ், அதே லிப்ரேஆஃபீஸ்தான். புதிய பதிப்பு உங்கள் கைக்கு எப்போது வரும் என்பதில்தான் பெரிய வித்தியாசம்.

டெபியன் ஸ்டேபிள் சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்தது டெபியன் 13, கெர்னல் (வன்பொருளை இயக்கும் மையப் பகுதி) 6.12-உடன். இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், புதிய வசதிகள் வராது. உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) இரட்டைப்படை வருட ஏப்ரலில் வரும், ஐந்து வருட ஆதரவு. லினக்ஸ் மின்ட் அதன்மேல் கட்டியது. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாத ஆயுள். ஆர்ச், ஓப்பன்சூசே டம்பிள்வீட் இரண்டும் 'ரோலிங்' வகை: பதிப்பு என்பதே கிடையாது, தயாரானது தயாரானபடி வந்துகொண்டே இருக்கும்.

ஒரு வகைக்கு ஒன்றாக எடுத்தோம்: டெபியன், ஃபெடோரா, டம்பிள்வீட். மூன்றிலும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் (மெனு, ஜன்னல் என்று திரையில் நாம் பார்க்கும் பகுதி). இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்றில் க்னோம் என்ற வேறு டெஸ்க்டாப், இன்னொன்றில் எக்ஸ்எஃப்சிஇ என்று வைத்து ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது டெஸ்க்டாப்பை, டிஸ்ட்ரோவை அல்ல. 'இது வேகம், அது மந்தம்' என்று போடுகிற வீடியோக்களில் பாதி இந்தத் தப்பைத்தான் செய்கின்றன.

கணினி 32 பிட் மட்டும் ஓடக்கூடியது என்றால் டெபியன் 13-ஐ அதில் நிறுவ முடியாது. 12-தான் அந்த வரிசையில் கடைசி.

படி 2: பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள்

வென்டாய் என்ற கருவியைப் பென்டிரைவில் ஏற்றுங்கள் (உள்ளே இருப்பதெல்லாம் அழியும்). பிறகு மூன்று டிஸ்ட்ரோக்களின் லைவ் ஐஎஸ்ஓ கோப்புகளையும் (நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கக்கூடியவை) அதில் சும்மா காப்பி செய்தால் போதும். கணினியை அதிலிருந்து பூட் செய்தால் எது வேண்டும் என்று பட்டியல் வரும்.

இந்தக் கட்டத்தில் வேகத்தைப் பார்க்காதீர்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவது எதுவும் மெதுவாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியவை வேறு: வைஃபை பிடிக்கிறதா? சத்தம் வருகிறதா? மூடியை மூடித் திறந்தால் தூங்கி எழுகிறதா, கறுப்புத் திரையில் நின்றுவிடுகிறதா? தம்பியின் லேப்டாப்பில் பிராட்காம் வைஃபை. ஃபெடோராவில் முதலில் பிடிக்கவில்லை, ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற தனிக் களஞ்சியத்திலிருந்து டிரைவர் போட வேண்டியிருந்தது. டெபியன் 12-லிருந்து பல வைஃபை சிப்களுக்கான ஃபர்ம்வேரை (சிப் இயங்கத் தேவையான நிரல்) நிறுவல் கோப்பிலேயே சேர்த்துத் தருகிறார்கள் என்றாலும், உங்கள் சிப்புக்கு அது போதுமா என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஏதாவது ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தையும் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கின்றனவா, 'ஸ்ரீ' உடைகிறதா என்று கவனியுங்கள். உடைந்தால் பயப்பட வேண்டாம், நோட்டோ தமிழ் எழுத்துரு போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தட்டச்சுக்கு ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

படி 3: வேகத்தை அளந்து பாருங்கள்

கோப்புகளையெல்லாம் வேறு டிஸ்க்கில் பத்திரமாக எடுத்துவைத்த பிறகு, ஒவ்வொன்றாக நிறுவி, அளந்து, அழித்துவிட்டு அடுத்ததற்குப் போனோம். டம்பிள்வீட்டை மட்டும் லைவ் கோப்பிலிருந்து நிறுவாதீர்கள், நிறுவலுக்குத் தனி ஐஎஸ்ஓ வைத்திருக்கிறார்கள்.

நிறுவியதும் முழு அப்டேட், இரண்டு ரீபூட். அதன் பிறகு டெர்மினலில் 'சிஸ்டம்டி-அனலைஸ்' என்று அடியுங்கள். பூட் ஆக எடுத்த நேரத்தைப் பிரித்துக் காட்டும். ஃபர்ம்வேர் 9 நொடி, லோடர் 3, கெர்னல் 4, யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்குப் பின் மற்ற சேவைகள் தொடங்கிய நேரம்) 14 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 நொடி. ஆனால் முதல் 9 நொடி உங்கள் மதர்போர்டு எடுத்துக்கொண்டது. எந்த லினக்ஸ் போட்டாலும் அது குறையாது. லோடரின் 3 நொடியில் மெனு உங்களுக்காகக் காத்திருந்த நேரமும் உண்டு. ஒப்பிட வேண்டியது ஃபர்ம்வேர், லோடர் இரண்டையும் கழித்த மீதியை மட்டும். (பழைய பயாஸ் கணினிகளில் முதல் இரண்டும் காட்டாது.) மூன்று முறை அளந்து நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே கட்டளையோடு 'பிளேம்' சேர்த்தால் எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று வரிசையாக வரும். பல கணினிகளில் 'நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன்' உச்சியில் நிற்கும். தம்பி உடனே அதை நிறுத்தப் போனான். பொறு என்றேன். அது பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கலாம், உங்களைக் காக்க வைக்கிறது என்று அர்த்தமில்லை. 'பிளேம்' இருந்த இடத்தில் 'கிரிட்டிக்கல்-செயின்' என்று போட்டால்தான் யாருக்காக யார் நின்றார்கள் என்பது தெரியும்.

ரேமுக்கு 'ஃப்ரீ -ஹெச்'. அதில் 'ஃப்ரீ' என்ற நெடுவரிசையைப் பார்த்துப் பதற வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் கேஷுக்கு (டிஸ்க்கில் படித்ததைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள) எடுத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தரும். 'அவெய்லபிள்' என்பதே உண்மைக் கணக்கு. கடைசியாக, ரீபூட் ஆனவுடன் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து, போனின் ஸ்டாப்வாட்ச்சால் அளந்து பாருங்கள். நாள் முழுக்க நாம் உணர்கிற வேகம் அதுதான்.

நோட்டைப் பார்த்தபோது தம்பியின் முகம் தொங்கிவிட்டது. மூன்றுக்கும் இடையில் அவன் நினைத்த அளவு வித்தியாசமே இல்லை. பத்துப் பன்னிரண்டு டேப் திறந்தபோதுதான் ஃபெடோரா கொஞ்சம் தாக்குப்பிடித்தது. காரணம் ஸீரேம்: ரேமில் நெருக்கடி வந்தால் உள்ளே இருப்பதைச் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஃபெடோராவில் 33-ஆம் பதிப்பிலிருந்து அது தானாகவே வருகிறது. டெபியனிலும் ஸீரேம்-டூல்ஸ் பேக்கேஜைப் போட்டால் அதே பலன். ஆக அதுவும் டிஸ்ட்ரோவின் குணமல்ல, ஒரு செட்டிங்.

படி 4: நிலைத்தன்மையைச் சோதியுங்கள்

'ஸ்டேபிள்' என்ற சொல்லை ஆளுக்கொரு அர்த்தத்தில் பிடித்துக்கொள்கிறோம். விழாமல் இருப்பது ஒன்று, மாறாமல் இருப்பது இன்னொன்று. டெபியன் தன் பெயரில் வைத்திருப்பது இரண்டாவதை. தெரிந்த ஒரு பழைய குறை இரண்டு வருடமும் அப்படியே இருக்கலாம். புதுக் குறை ஒன்று திடீரென்று முளைப்பது அபூர்வம்.

2024 மார்ச் 29 அன்று வெளியான எக்ஸ்ஸெட் விவகாரத்தை இதற்குச் சொல்லலாம். கோப்புகளைச் சுருக்கும் அந்தச் சின்னக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்திருந்தார்கள். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். டெபியனின் அன்ஸ்டேபிள் (இன்னும் தயாராகிக்கொண்டிருக்கும் பிரிவு), டம்பிள்வீட் போன்றவற்றுக்குள் அந்தப் பதிப்புகள் அதற்குள் வந்துவிட்டிருந்தன. டெபியன் ஸ்டேபிளில் இருந்தது பழைய 5.4 வரிசை, அதைத் தொடவே இல்லை. ஆனாலும் புதியதெல்லாம் ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய எண்ணைப் பார்த்து ஓட்டை என்று நினைப்பதும் தப்பு: டெபியனில் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் தைத்துவிடுவார்கள், எண் பெரிதாக மாறாது.

இரண்டு நாளில் நிலைத்தன்மையை அளக்க முடியாது. விழுந்தால் எழுகிறதா என்று பார்க்கலாம். டம்பிள்வீட்டை வழக்கமான பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையில் நிறுவினால், ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்ற கருவி ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்துவைக்கும். வேண்டுமென்றே டெஸ்க்டாப் பேக்கேஜ்களை நீக்கினோம். ரீபூட் செய்தால் வெறும் கறுப்புத் திரை. பூட் மெனுவில் முந்தைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து, உள்ளே போய் 'ஸ்னாப்பர் ரோல்பேக்' கொடுத்து, இன்னொரு ரீபூட். எல்லாம் பழையபடி வந்துவிட்டது. அன்று தம்பி வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். மின்ட்டில் இதே வேலைக்கு டைம்ஷிஃப்ட் இருக்கிறது, டெபியனிலும் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

படி 5: புதுமை எவ்வளவு வேண்டும்?

நீங்கள் உண்மையிலேயே தினமும் திறக்கிற ஐந்து மென்பொருள்களை எழுதுங்கள். ரெப்பாலஜி தளத்தில் பெயரைப் போட்டால் எந்த டிஸ்ட்ரோவில் எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும். தம்பியின் ஐந்தில் படம் வரையும் இங்க்ஸ்கேப் ஒன்றுதான் அவனுக்குப் புதிதாக வேண்டியிருந்தது. அதை ஃப்ளாட்ஹப் தளத்திலிருந்து ஃப்ளாட்பேக்காக (எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் தனிப் பொதி) போட்டோம். அடித்தளம் பழையது, மேலே ஒரு மென்பொருள் மட்டும் புதியது.

இந்த வழி எடுபடாத இடம் கெர்னலும் கிராஃபிக்ஸ் டிரைவரும். போன மாதம் வாங்கிய லேப்டாப் என்றால் ஃபெடோராவோ டம்பிள்வீட்டோதான் நிம்மதி. பழைய லேப்டாப்புக்குப் புதுக் கெர்னலால் பெரிதாக லாபம் இல்லை.

நெட் கணக்கையும் பாருங்கள். அடிப்படை நூலகம் ஒன்று மாறினால் டம்பிள்வீட் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை இறக்கச் சொல்லும். தம்பி போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவன். அன்றைய டேட்டா முழுவதும் அதற்கே போய்விடும்.

கடைசியில் அவன் வைத்துக்கொண்டது டெபியன் 13, ஸீரேம், ஒரு ஃப்ளாட்பேக். பிறகு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டினோம். மூன்று டிஸ்ட்ரோக்களுக்கும் இடையே தேடிக் கிடைக்காத வேகம் அந்த நான்கு ஸ்க்ரூவில் இருந்தது. வென்டாய் பென்டிரைவை மட்டும் அழித்துவிடாமல் மேசை டிராயரில் போட்டுவை என்று சொல்லியிருக்கிறேன். பூட் ஆகாத நாளில் கோப்புகளை வெளியே எடுக்க அதுதான் கைகொடுக்கும்.