மரங்கொத்திகளின் சமூக நடத்தையைக் கவனிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னிப் பகுதியில் மரங்கொத்திகளைக் கவனிப்போர் பலர், எதிரே இருப்பது எந்தப் பறவை என்று உறுதிசெய்யும் முன்னரே அது என்ன செய்கிறது என்று குறிப்பெழுதத் தொடங்கிவிடுகின்றனர். பிழையான முடிவுகளுள் பெரும்பாலானவை அங்கிருந்தே பிறக்கின்றன.

முதுகின் நிறத்தைக் கொண்டு உறவைத் தீர்மானிப்பது இவற்றுள் முதன்மையானது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பொன்முதுகு மரங்கொத்தியும் தெற்கே செம்முதுகு மரங்கொத்தியும் வாழ, இடைப்பட்ட நிலத்தில் இவ்விரண்டும் கலந்து இனம்பெருக்குவதால், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என வெவ்வேறு முதுகுள்ள பறவைகள் ஒரே பனங்கூடலில் தென்படலாம். நிறம் வேறுபட்ட இரண்டைக் கண்டதும் அவை சோடியல்ல என்றோ, ஒன்று ஆண் மற்றது பெண் என்றோ எழுதிவிடக் கூடாது. பார்க்க வேண்டியது தலையை. ஆணுக்கு நெற்றியிலிருந்து கொண்டை வரை சிவப்பு. பெண்ணுக்கு முன்னந்தலை வெண்புள்ளியிட்ட கறுப்பு, கொண்டை மட்டும் சிவப்பு. இந்த அடையாளம் எல்லா இனங்களுக்கும் பொருந்தாது: மிகச் சிறிய குட்டை மரங்கொத்தியில் ஆணின் சிவப்பு, கண்ணுக்குப் பின்னே மெல்லிய கீற்றாக மட்டுமே இருக்கும், தொலைநோக்கி இல்லாமல் அதைக் காண்பது அரிது.

பொந்தைக் கண்டவுடன் கூடு என்று முடிவுசெய்வதும் பரவலான தவறு. போர்க்காலத்தில் வட்டு, அதாவது உச்சி ஓலைத்தொகுதி, இழந்து நிற்கும் பனைகளில் மரங்கொத்தி குடைந்த பொந்துகளைக் கிளியும் மைனாவும் கைப்பற்றிக்கொள்கின்றன. மரங்கொத்திகளோ, இனப்பெருக்கம் இல்லாத காலத்தில் இரவு தங்குவதற்கென்றே தனித்தனியாகப் பொந்துகளைப் பயன்படுத்துகின்றன. உண்மையான கூட்டிலும் அந்திவேளையில் பெண் வெளியேறிவிட்டால் அது முட்டைகளைக் கைவிட்டதாகக் கருத வேண்டாம், ஏனெனில் பெரும்பாலான மரங்கொத்தி இனங்களில் இரவில் அடைகாப்பது ஆணே.

ஒலியிலும் கவனம் தேவை. இரை தேடும் தட்டல் விட்டுவிட்டு ஒழுங்கின்றிக் கேட்கும். இடைவெளியின்றி விரைந்து உருளும் தட்டலோ துணைக்கும் அயல் பறவைக்கும் விடுக்கும் செய்தி. பல இனங்களில் பெண்ணும் அவ்வாறு தட்டும். கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதை நான் முற்றாக எதிர்க்கிறேன்: அந்நியப் பறவை தன் எல்லைக்குள் நுழைந்ததாக எண்ணி அது இரையையும் குஞ்சையும் விட்டு வருகிறது, நமக்குக் கிடைப்பதும் இயல்பான நடத்தை அன்று.

பறவையைப் பின்தொடர்ந்து பாதையை விட்டு விலகுவது வன்னியில் உயிராபத்தானது. மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத காணிக்குள் எக்காரணம் கொண்டும் கால் வைக்காதீர்கள்; உள்ளூர் மக்களிடம் கேட்டறிந்த பின், புழக்கமுள்ள பாதையில் ஓரிடத்தில் அமர்ந்தே கவனியுங்கள்.