வௌவாலை விரட்டுவதற்கு முன் ஒரு சாயங்காலம் சும்மா நின்று பாருங்கள்

காலையில் வேலைக்குக் கிளம்பலாம் என்று போனால் கார் கண்ணாடி முழுக்க மஞ்சளும் பழுப்புமாய்த் தெறிப்பு, போர்ச் தரையில் மென்று துப்பிய நார் உருண்டைகள், சுவரில் மேலிருந்து கீழே வழிந்து காய்ந்த கோடுகள். அண்ணாந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. சிங்கப்பூரில் தரைவீட்டில் இருக்கும் பலருக்கு வௌவால் அறிமுகமாவது இப்படித்தான். உடனே வீட்டில் கூரையைப் பிரிக்கலாமா, மருந்து அடிக்கலாமா, யாரைக் கூப்பிடலாம் என்று பேச்சு ஆரம்பித்துவிடும். முதல் தவறு இங்கேதான். பெரும்பாலும் அந்த வௌவால் உங்கள் வீட்டில் குடியிருக்கவே இல்லை. ராத்திரி சாப்பிட வந்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

இங்கே நாம் அதிகம் பார்ப்பது சின்னப் பழந்தின்னி வௌவால். நாய்க்குட்டி மூஞ்சி, பெரிய கண், எடை என்னவோ 30, 40 கிராம்தான். இது மரத்திலேயே உட்கார்ந்து சாப்பிடாது. பழத்தைக் கவ்விக்கொண்டு, மழை படாத, பாம்பும் ஆந்தையும் எட்டாத ஓர் இடத்துக்குப் பறந்துபோய்த் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். அதற்கு உங்கள் போர்ச் கூரையைவிட நல்ல இடம் கிடைக்குமா? தின்றது அரைமணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும், அப்புறம் அடுத்த பழத்துக்குப் போகும், திரும்ப வரும். இரண்டே வௌவால்கள் வந்துபோனாலும் காலையில் பார்க்கிறவருக்கு இருபது வந்தமாதிரி இருப்பது இதனால்தான். பக்கத்தில் எங்கேயாவது அத்திமரமோ, கேத்தப்பாங் மரமோ (நம் ஊர் வாதாங்கொட்டை மரம்தான்), சின்னச் சிவப்புப் பழம் காய்க்கும் செர்ரி மரமோ இருக்கும், தேடிப் பாருங்கள்.

கூரைக்குள் நிஜமாகவே குடியிருப்பது வேறு ஜாதி, பூச்சி தின்னும் சின்ன வௌவால். ஓட்டுக்கு அடியில், பழைய கடைவீடுகளில் பெயர்ப்பலகைக்குப் பின்னால், ஏர்கான் குழாய் போகும் ஓட்டையில், ஒரு விரல் நுழையும் இடுக்கு போதும் அதற்கு. அடையாளம் புழுக்கையில் இருக்கிறது. பல்லிப் புழுக்கையின் ஒரு முனையில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும், எலிப் புழுக்கை காய்ந்தால் கல் மாதிரி கெட்டி. வௌவால் புழுக்கையை ஒரு குச்சியால் அழுத்தினால் பொடிப்பொடியாக உதிரும், வெளிச்சத்தில் பார்த்தால் பூச்சி இறக்கைத் துணுக்குகள் மினுங்கும். கையால் அழுத்தாதீர்கள், குச்சி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். நெடி எப்படி இருக்கும் என்பதைப் பழைய கோயில் மண்டபத்துக்குள் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே செலவே இல்லாத முதல் வேலை, ஆறே முக்காலுக்கு ஒரு நாற்காலியைப் போட்டுக் காப்பியோடு வாசலில் உட்காருவது. டார்ச் வேண்டாம், பேச்சும் வேண்டாம். இங்கே ஏழு மணி வாக்கில் இருட்டிவிடும். கூரை விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்து பறந்தால் உள்ளே குடியிருக்கிறது, எந்த ஓட்டையிலிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும். ஏழரை எட்டுக்கு மேல் வெளியிலிருந்து உள்ளே வந்து தொங்கினால் அது விருந்தாளி. இரண்டு நாள் பார்த்தால் போதும். இதைச் செய்யாமல் எடுக்கிற எந்த முடிவும் குருட்டடிதான்.

என் அக்கா வீட்டில் இதைச் செய்யவில்லை. வரிசை வீடு, பின்பக்கம் ஓடு லேசாக விலகியிருந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் காலை பதினொரு மணிக்கு வந்து, ஓட்டைக்குள் நுரை அடித்து, மேலே சிமென்ட் பூசி, சாப்பாட்டு நேரத்துக்குள் வேலையை முடித்துக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். பகல் பதினொரு மணிக்கு வௌவால் எங்கே இருக்கும்? உள்ளேதான் தூங்கிக்கொண்டிருக்கும். அன்று ராத்திரி கூரைக்கு மேல் பிறாண்டுகிற சத்தம். “ஏதோ எலி போலத்தா, தூங்கு” என்றார் அத்தான். மறுநாள் சத்தம் கூடியது, ஒன்று மட்டும் கூரை விளக்கு ஓட்டை வழியாகச் சின்னவள் படுக்கையறைக்குள் விழுந்தது, நாலாம் நாள் சத்தம் நின்றுபோய் நாற்றம் ஆரம்பித்தது. கூரைப் பலகையை வெட்டி எடுத்து, செத்தவற்றை அப்புறப்படுத்தி, மறுபடி பலகை அடித்துச் சாயம் பூச ஆன செலவு முதல் வேலைக்குக் கொடுத்ததைப்போல மூன்று மடங்கு. காசு போனது ஒருபக்கம். எட்டுச் சின்னஞ்சிறு உடல்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு, எல்லாம் அந்த அடைத்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே கிடந்தன.

அடைக்கத்தான் வேண்டும், ஆனால் கடைசியில். முதலில் அவை போய்வரும் வழியைத் தவிர மற்ற இடுக்குகளை எல்லாம் அடையுங்கள். போய்வரும் ஓட்டைக்கு மேலே நெருக்கமான கண்ணுள்ள வலையை, கொசுவலை மாதிரி ஒன்று, மேல்பக்கமும் இரண்டு ஓரமும் ஒட்டி, கீழ்ப்பக்கத்தைத் திறந்தபடி ஓட்டையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தொங்க விடவேண்டும். வெளியே வருகிற வௌவால் சுவரோடு கீழே நகர்ந்து வலைக்கு அடியில் நழுவிப் பறந்துவிடும். திரும்பி வரும்போது மணம் அடிக்கும் ஓட்டைப் பக்கம்தான் நேராக வந்து மோதும், கீழிருந்து ஏறவேண்டும் என்று அதற்குத் தோன்றாது. ஒரு வாரமாவது அப்படியே இருக்கட்டும். நவம்பர், டிசம்பர் அடைமழையில் சில ராத்திரிகள் அவை வெளியே கிளம்பவே கிளம்பாது, அப்போது இன்னும் சில நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு சாயங்காலம் காப்பியோடு உட்கார்ந்து ஒன்றும் வரவில்லை என்று உறுதியானபின் சிமென்ட் பூசலாம். வலையின் கண் பெரிதாக இருந்தால் இறக்கை சிக்கிக்கொள்ளும், அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இதிலும் ஒரு சிக்கல், குட்டி. தாய் இரை தேடப் போகும்போது, ஓரளவு வளர்ந்த குட்டியைக் கூரைக்குள்ளேயே விட்டுவிட்டுத்தான் போகும். வலை கட்டினால் தாய் வெளியே, பறக்கத் தெரியாத குட்டி உள்ளே. இணையத்தில் தேடினால் ‘மே முதல் ஆகஸ்ட்வரை தொடாதீர்கள், குளிர்காலத்தில் தூங்கும்’ என்றெல்லாம் வரும். அது பனி பெய்கிற நாட்டுக் கணக்கு. வருஷம் முழுக்க ஒரே வெயிலும் மழையும் உள்ள நம் தீவுக்கு அந்த நாட்காட்டி ஒத்துவராது. இருட்டியபின் பெரியவை எல்லாம் கிளம்பிப்போன நேரத்தில் உள்ளே கீச்சுக்கீச்சென்று சத்தம் கேட்டால் குட்டி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அது பறக்கத் தொடங்கும்வரை சில வாரம் பொறுக்க வேண்டியதுதான்.

புகை போடுவது, அந்துருண்டையைக் கிலோக்கணக்கில் கொட்டுவது, மிளகாய்த்தூள் தூவுவது, எலிக்கு வைக்கும் பசை அட்டையை உத்தரத்தில் ஒட்டுவது, இவற்றைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. அந்துருண்டை வாசனை வௌவாலுக்கு முன்னால் உங்களுக்குத்தான் தலைவலி கொடுக்கும், மூடிய வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் மோசம். பசை அட்டையில் ஒட்டிக்கொண்ட வௌவால் இறக்கை கிழியக் கிழியத் துடிக்கும். எடுத்துவிடவும் முடியாது, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. காதுக்குக் கேட்காத ஒலி எழுப்புகிறது என்று இணையக் கடைகளில் விற்கும் அந்தக் குட்டிப் பெட்டி? நம் பழந்தின்னி கண்ணாலும் மூக்காலும் வழி பார்க்கிற பிராணி. அந்தக் காசுக்கு நல்ல விளக்கு ஒன்று வாங்கலாம்.

விளக்கு என்றதும் இன்னொரு குழப்பம். போர்ச்சில் வந்து தின்னும் வௌவாலுக்கு அது தொங்கும் மூலையைப் பார்த்து வெளிச்சம் போடவேண்டும். சிலர் பழைய சிடிக்களையும் பளபளக்கும் தாளையும் கட்டித் தொங்கவிடுகிறார்கள், சிலர் சின்ன மின்விசிறியைத் திருப்பி வைக்கிறார்கள். எல்லாமே கொஞ்ச நாள் பலிக்கும், பழகிவிட்டால் பக்கத்திலேயே தொங்கும். மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். இதெல்லாம் செய்தும் போகவில்லை என்றால் பழக்காலம் முடியும்வரை காருக்கு உறை போடுங்கள். கறையை அன்று காலையே தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும், வெயிலில் காயவிட்டால் சாயத்தில் பிடித்துக்கொள்ளும்.

அறைக்குள் நுழைந்துவிட்ட வௌவாலுக்கு நேர் எதிர், விளக்கை அணைக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் எட்டாம் மாடி, ஒன்பதாம் மாடி என்றாலும் ஜன்னல் திறந்திருந்தால் வழிதவறி வந்துவிடும். எங்கள் வீட்டில் ஒருமுறை வந்தபோது அம்மா விளக்குமாற்றோடு சோபாமேல் ஏறி நின்றார், தம்பி எல்லா விளக்கையும் போட்டான், நான் வீடியோ எடுத்தேன். யாருக்கும் தோன்றாத ஒன்று, தலைக்குமேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அறைக்குள் வட்டமடிக்கிற வௌவாலைக் கொல்ல அதைவிடப் பெரிய ஆயுதம் வேண்டாம். முதலில் விசிறியை நிறுத்துங்கள், மற்ற அறைக் கதவுகளைச் சாத்துங்கள், ஜன்னலை முழுசாகத் திறந்து திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, விளக்கை அணைத்து, எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். அது உங்கள் தலைமுடியில் சிக்க வரவில்லை, வாசலைத் தேடுகிறது. பத்து இருபது நிமிஷத்தில் பெரும்பாலும் போய்விடும். ‘வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால் நானும் தொங்குகிறேன், நீயும் தொங்கு’ என்பார்கள், நம் வீட்டில் எல்லாரும் சேர்ந்து குதிக்கிறோம்.

தோட்டம் வைத்திருப்பவர்கள் மாம்பழத்தையும் ஜம்புவையும் காப்பாற்ற மரத்துக்கே வலை போர்த்துகிறார்கள். தளர்வாகத் தொங்கும் பெரிய கண் வலையில் வௌவால் மட்டுமல்ல, மைனாவும் பாம்பும் சேர்ந்து மாட்டும். குலைக்குத் துணிப்பையோ காகிதப்பையோ கட்டுங்கள், பழுத்ததை அன்றன்றே பறித்துவிடுங்கள். தெருவோர மரம் என்றால் கத்திரியை எடுக்காதீர்கள், அது உங்கள் மரமில்லை. அப்புறம், தேக்கா சந்தையில் முசாங் கிங் டுரியானுக்குப் பேரம் பேசுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள், டுரியான் பூ ராத்திரியில் மலர்வது, அதற்கு மகரந்தம் கொண்டுபோவதில் தேன் குடிக்கும் வௌவாலுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டில் ஆலமரத்து வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காத கிராமங்கள் இருக்கின்றன. நாம் ஒரு போர்ச் கறைக்கே பொறுமை இழக்கிறோம்.

2020-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் வௌவாலைக் கொல்வதும், பொறிவைத்துப் பிடிப்பதும், வைத்துக்கொள்வதும் குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. ‘பிடித்துக்கொண்டுபோய் வேறெங்காவது விட்டுவிடுகிறோம்’ என்று சொல்கிற பூச்சி ஒழிப்பு ஆட்களிடம் எப்படிப் பிடிப்பீர்கள், அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். பெரிய கூட்டம் என்றால் தேசியப் பூங்காக் கழகத்தைக் கேட்பது நல்லது. அடிபட்டது, அறையை விட்டுப் போகாதது என்றால் விலங்குநல அமைப்பான ஏக்ரஸின் மீட்புக் குழுவைக் கூப்பிடலாம்.

இப்போது அந்தக் குச்சி விஷயம். சிங்கப்பூரில் 1953-இலிருந்து வெறிநோய் இல்லை, ஆகவே பீதி வேண்டாம், ஆனால் வௌவாலை வெறுங்கையால் தொடவும் வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ குழாயைத் திறந்து கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள், ‘சின்னக் கீறல்தானே’ என்று மஞ்சள் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்குவதும் அதே அளவு தவறு, அந்தத் தூசியில் நுரையீரலுக்கு ஆகாத பூஞ்சை இருக்கலாம். முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்து, ஈரமாகவே வழித்துப் பையில் கட்டிப் போடுங்கள். இதைப் பணிப்பெண்ணிடம் சும்மா ஒரு விளக்குமாற்றைக் கொடுத்துச் செய்யச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவருக்கும் நுரையீரல் இருக்கிறது.

தரையில் கிடக்கும் வௌவாலைச் செத்துவிட்டது என்று குப்பையில் தள்ளுவதும் நடக்கிறது. நிறைய வௌவால்களுக்குத் தரையிலிருந்து எழும்பிப் பறக்க வராது, உயரத்திலிருந்து விழுந்துதான் இறக்கையை விரிக்கும். தடித்த துண்டை மேலே போட்டு, துண்டோடு அள்ளி, காற்றுப் போக ஓட்டை போட்ட செருப்புப் பெட்டிக்குள் வைத்து மூடி, பூனை எட்டாத நிழலில் வைத்திருங்கள். இருட்டியதும் பெட்டியை மதில்மேல் உயரமாக வைத்துப் பக்கவாட்டில் சாய்த்துத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அது துண்டைப் பிடித்துக்கொண்டு விளிம்புவரை நகர்ந்து வரும், கொஞ்ச நேரம் நடுங்கும். அரைமணி ஆகியும் பறக்கவில்லை என்றால் பெட்டியை மூடிவிட்டு மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள்.