ஏதென்ஸில் மக்களாட்சியின் தடம் பார்க்க ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘மக்களாட்சி பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும்’ என்று சொன்னால், பெரும்பாலான ஒருநாள் சுற்றுலாக்கள் நேராக அக்ரோபோலிஸ் மேலே கொண்டுபோய் நிறுத்தும். முதல் தவறு அதுதான். அக்ரோபோலிஸ் கோயில்களின் குன்று. சட்டம் பேசி முடிவெடுக்க மக்கள் கூடியது அதற்கு மேற்கே அரை கிலோமீட்டர் அளவில் இருக்கும் பினிக்ஸ் குன்றில். அன்றாட நிர்வாகமும் நீதிமன்றங்களும் நடந்தது வடமேற்கே தாழ்வில் விரிந்திருக்கும் அகோராவில். போரில் இறந்தவர்களை அரசு செலவில் புதைத்தது நகர மதிலுக்கு வெளியே, கெராமிகோஸில். இந்த மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். அக்ரோபோலிஸையும் அதே நாளில் திணித்தால் காலைப் பொழுது முழுக்க வரிசையிலும் ஏற்றத்திலும் போய்விடும். மீதி மூன்றும் ஓட்டமாகிவிடும். அதை மறுநாளுக்கு வையுங்கள்.

அக்ரோபோலிஸ் மேலே நிற்கும் பார்த்தினான் கோயிலுக்கும் மக்களாட்சிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. ஏதென்ஸின் நேச நாடுகள் கட்டிய கப்பப் பணம் கிமு 454இல் டெலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. கிமு 447இல் கோயில் வேலை தொடங்கியது. சிற்பங்கள் 432 வரை நீண்டன. செலவுக் கணக்கைக் கல்லில் வெட்டிப் பொதுவில் நிறுத்தினார்கள். உள்ளூரில் மக்களாட்சி, வெளியூரில் வசூல். வழிகாட்டி இந்தப் பக்கத்தைத் தொடாமல் பளிங்கின் அழகை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பினிக்ஸில் நடக்கும் தவறு வேறு மாதிரி. அங்கே போகிறவர்கள் பாறையில் செதுக்கிய மேடையைப் பார்த்து, ‘பெரிக்ளீஸ் நின்று பேசிய இடம்’ என்று படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். மக்களாட்சியின் புகழ்பெற்ற தலைவரான பெரிக்ளீஸ் இறந்தது கிமு 429இல். இன்று கண்ணுக்குத் தெரியும் மேடை கிமு 4ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், மூன்றாம் முறையாகத் திருத்திக் கட்டியபோது வெட்டியது. பிற்காலப் பேச்சாளரான டெமஸ்தனீஸ் காலத்தோடு அதைச் சேர்த்துப் பேசலாம், பெரிக்ளீஸோடு கூடாது.

அந்த மூன்று கட்டங்களை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் பினிக்ஸ் புரியும். முதல் கட்டத்தில் மக்கள் இயற்கையான சரிவில் நகரத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பேசுபவர் கீழே நின்றார். கிமு 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது தலைகீழானது. தாழ்வான பக்கம் சுவர் எழுப்பி, மண் கொட்டி நிரப்பி, கூட்டத்தை எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். கடலைப் பார்த்திருந்த மேடையை, மக்களாட்சியைக் கவிழ்த்துச் சில காலம் ஆண்ட முப்பது கொடுங்கோலர்தான் நிலத்தைப் பார்க்கத் திருப்பினார்கள் என்று பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்; கப்பற்படையால்தான் மக்களாட்சி வலுத்தது என்பது அவர்களுடைய எரிச்சலாம். மூன்றாம் கட்டத்தில் அதையே பெரிதாக்கினார்கள். கொட்டிய மண்ணில் பெரும்பகுதி இப்போது இல்லை. அதனால் மேடையிலிருந்து தரை கீழ்நோக்கிச் சரிகிறது. ‘இப்படி உட்கார்ந்தால் எப்படிப் பேச்சு கேட்கும்?’ என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான். வடக்குப் பக்கம் கீழே இறங்கிச் சுற்றினால் வளைந்து போகும் தாங்குசுவரின் மிகப் பெரிய கற்கள் தெரியும். பினிக்ஸிலேயே பார்க்க வேண்டிய பொருள் அதுதான். பலரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் மேடையிலிருந்து அது கண்ணில் படாது.

மேடைக்குப் பக்கத்துப் பாறைமுகத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன மாடங்கள் இருக்கும். அவற்றைப் பேச்சாளர்களோடு முடிச்சுப் போட வேண்டாம். அவை ரோமர் காலத்தில் நோய் தீர வேண்டி நேர்ந்துகொண்டவர்கள் காணிக்கைப் பலகைகளைப் பதித்த குழிகள்.

பினிக்ஸில் நிழல் மிகக் குறைவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை பத்து மணிக்கு மேல் அங்கே நின்று எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருக்க யாராலும் முடியாது. ஆனால் கேட்க வேண்டிய எண்ணிக்கைகள் அங்கேதான் இருக்கின்றன: அரிஸ்டாட்டில் காலத்தில் ஆண்டுக்கு 40 கூட்டம், குடியுரிமை வழங்குவது போன்ற சில முடிவுகளுக்கு 6,000 பேர் வாக்களிக்க வேண்டும், பெரும்பாலும் கையைத் தூக்கித்தான் வாக்கு. ஆகவே அன்றைய சுற்றை இங்கிருந்தே தொடங்குங்கள், அதிகாலையில். நுழைவுக் கட்டணம் கிடையாது.

அடுத்தது அரியோபாகஸ் பாறை. ஆயிரக்கணக்கானோர் மிதித்து வழவழப்பான கல். மழைக்குப் பிறகு ஈரத்தில் கால் வைப்பது எலும்பு முறிவுக்கு அழைப்பு. பாறையில் வெட்டிய பழைய படிகளை விட்டுவிட்டுப் பக்கத்திலுள்ள இரும்புப் படிக்கட்டில் ஏறுங்கள். அங்கே பதித்த வெண்கலப் பலகை புனித பவுலின் உரை பற்றியது. அதைப் படித்துவிட்டு இடமே கிறிஸ்தவ வரலாற்றுக்கு உரியது என்று இறங்கிவிடுகிறார்கள். ஆர்க்கோன் என்ற உயர் பதவியை வகித்து முடித்தவர்கள் ஆயுள் உறுப்பினராக இருந்த மேட்டுக்குடி அவை இங்கே கூடியது. கிமு 462/461இல் எஃபியால்டீஸ் என்ற அரசியல் தலைவர் அதன் அரசியல் அதிகாரத்தைப் பிடுங்கி, பினிக்ஸில் கூடிய மக்கள் மன்றத்துக்கும் ஐந்நூற்றுவர் அவைக்கும் நீதிமன்றங்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். கொலை வழக்கு விசாரணைதான் முக்கியமாக மிஞ்சியது. அதன் பிறகு சில காலத்திலேயே அவர் கொலை செய்யப்பட்டார்.

மக்களாட்சியை ஒரே ஆள் ஒரே நாளில் தொடங்கி வைத்ததாகச் சொல்லும் வழிகாட்டியிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் இதனால்தான். சோலோன் கிமு 594இல் கடனுக்கு அடிமையாவதை ஒழித்தார். கிளெய்ஸ்தனீஸ் 508/507இல் மக்களைப் பத்துப் பிரிவாக மாற்றி அடுக்கினார். ஒவ்வொரு பிரிவிலும் நகரம், கடற்கரை, உள்நாடு மூன்றும் கலந்திருக்கும்படி செய்ததால் பழைய குடும்பங்களின் பிடி தளர்ந்தது. பிறகு எஃபியால்டீஸ். அதற்கும் பிறகு பெரிக்ளீஸ் நீதிபதிகளாக அமரும் குடிமக்களுக்குப் படி கொடுக்க வைத்தார்; கூலி இழக்காமல் ஏழையும் வந்து உட்கார முடிந்தது. அதே பெரிக்ளீஸ்தான் 451/450இல் தாய், தந்தை இருவரும் ஏதெனியராக இருந்தால்தான் குடியுரிமை என்று கதவைச் சாத்தியவரும். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் குடியேறி வாழ்ந்த வெளியூர்க்காரர்களுக்கும் வாக்கு கிடையாது.

இனி அகோரா. வரைபடத்தில் இரண்டு அகோரா இருக்கும். ரோமன் அகோரா என்பது கிமு முதல் நூற்றாண்டில் ஜூலியஸ் சீசர், அகஸ்டஸ் கொடுத்த பணத்தில் கட்டிய சந்தை. மக்களாட்சி முடிந்து மூன்று நூற்றாண்டுக்குப் பின் வந்தது. நமக்கு வேண்டியது பழைய அகோரா, அதாவது ஏன்ஷியன்ட் அகோரா. டிக்கெட்டும் வாசலும் தனித்தனி. மொனாஸ்டிராக்கி மெட்ரோ நிலையத்தில் இறங்கிக் கண்ணில் பட்ட முதல் வாசலில் சீட்டு வாங்குவோர் இதில் மாட்டுகிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் இரண்டு கட்டடங்கள் நம்மை இழுக்கும். ஒன்று கூரையோடு நிற்கும் ஹெஃபைஸ்டஸ் கோயில். இன்னொன்று நீளமான இரண்டடுக்கு மண்டபம், அட்டலோஸ் ஸ்டோவா. மக்களாட்சிக் காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அதன் தூண்களுக்கிடையே நடந்து மெய்சிலிர்ப்பவர்கள் உண்டு. பெர்காமம் அரசர் இரண்டாம் அட்டலோஸ் கிமு 2ஆம் நூற்றாண்டில் பரிசாகக் கட்டிக் கொடுத்தது அது. நிற்பது அதுவும் அல்ல: 1953-56இல் அமெரிக்கத் தொல்லியல் பள்ளி மறுபடி எழுப்பிய கட்டடம். அகோராவின் நடுவில் நிற்கும் பெரிய ராட்சதச் சிலைகளும் ரோமர் காலத்தவை.

மக்களாட்சி இயங்கிய இடமெல்லாம் மேற்கு ஓரத்தில், முழங்கால் உயரம்கூட இல்லாத அடித்தளக் கற்களாகக் கிடக்கிறது. அகோராவில் மூன்று மணி நேரம் இருந்தால் ஒரு மணியாவது இங்கே கொடுங்கள். முதலில் தோலோஸ் என்ற வட்டக் கட்டடத்தின் சுவடு, சுமார் 18 மீட்டர் விட்டம். பத்துப் பிரிவிலிருந்தும் ஐம்பது ஐம்பது பேராகக் குலுக்கலில் எடுத்ததுதான் ஐந்நூற்றுவர் அவை. ஒவ்வொரு ஐம்பதும் ஆண்டில் பத்தில் ஒரு பங்கு காலம் பொறுப்பில் இருந்து இங்கே சாப்பிட்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இரவும் இங்கேயே தங்கினார்கள், அவசரம் என்றால் அரசு விழித்திருக்க வேண்டுமே. தலைவரும் குலுக்கலில்தான், ஒரு பகல் ஓர் இரவுக்கு மட்டும். கருவூலச் சாவியும் அரசு முத்திரையும் அந்த ஒரு நாள் அவர் கையில். வாழ்நாளில் மறுமுறை கிடையாது.

பக்கத்திலேயே அவை கூடிய பழைய, புதிய மண்டபங்களின் அடித்தளம். எதிரே வேலி போட்டதுபோல் ஒரு நீண்ட பீடம். பத்துப் பிரிவுகளுக்குப் பெயர் கொடுத்த வீரர்களின் சிலைகள் இதன்மேல் நின்றன. புதிய சட்ட முன்மொழிவும் படைக்கு அழைக்கப்பட்டோர் பட்டியலும் இங்கேதான் ஒட்டப்பட்டன. பலர் இதை ஏதோ கல்லறை என்று நினைத்துக் கடந்து போகிறார்கள்.

ராயல் ஸ்டோவா இந்த வளாகத்துக்குள் இருக்காது. பிரேயஸ் போகும் ரயில் பாதை அகோராவின் வடக்குப் பகுதியை வெட்டிக்கொண்டு ஓடுகிறது. பாதைக்கு அப்பால் 1970இல் அகழ்ந்தெடுத்த சிறு மண்டபம் அது. அதிகாரிகள் பதவிப் பிரமாணம் எடுத்த கல் அங்கே கிடைத்தது. சாக்ரட்டீஸ்மீது கிமு 399இல் குற்றச்சாட்டு பதிவானதும் அங்கேதான். அட்ரியானு தெருவிலிருந்து எட்டிப் பார்க்கலாம். சாக்ரட்டீஸ் என்றதும் இன்னொன்று: ஃபிலோப்பாப்போஸ் குன்றில் ‘சாக்ரட்டீஸ் சிறை’ என்று காட்டும் பாறை அறைகளுக்கு அந்தப் பெயர் வெறும் வழக்குதான்.

உச்சி வெயிலில் அட்டலோஸ் ஸ்டோவாவின் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். கூட்டம் நகர்கிற வேகத்தில் நடந்தால் இருபது நிமிடம். உண்மையில் ஒரு மணி நேரம் வேண்டும். கிளெரோடேரியன் என்ற குலுக்கல் கல்லின் துண்டு முக்கியம். மேலோட்டமாகப் பார்த்தால் வரிசை வரிசையாகக் கீறல் மட்டும் தெரியும். நீதிபதியாக வந்தவர் தன் பெயர்த் தகட்டை அதில் செருகுவார். பக்கவாட்டுக் குழாயில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்களைக் கொட்டி ஒவ்வொன்றாக விடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்தக் கிடைவரிசை முழுதும் தேர்வு; கறுப்பு என்றால் வரிசை முழுதும் வீட்டுக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு காய் என்று சில வழிகாட்டிகள் சொல்வது பிழை. யார் எந்த வழக்கில் அமர்வார் என்று காலைவரை யாருக்கும் தெரியாததால் முன்கூட்டி லஞ்சம் கொடுக்க வழியில்லை. இயந்திரத்தின் வேலையே அதுதான். தேர்தல் அவர்களுக்கு விதிவிலக்கு. பத்துப் படைத்தலைவர்கள் போன்ற, திறமை தேவைப்பட்ட பதவிகளுக்குத்தான் அது.

அருகில் தண்ணீர்க் கடிகாரம்: 6.4 லிட்டர் பிடிக்கும் மண் பானை, அடியில் சிறு துளை, ஆறு நிமிடத்தில் காலியாகும். தண்ணீர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. வெண்கல வாக்கு வில்லைகளில் நடு அச்சு துளையுள்ளது குற்றம், துளையில்லாதது விடுதலை. இரு முனையையும் விரலால் மூடிக்கொண்டால் எது என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

ஒருவரை நாடு கடத்த வேண்டி அவர் பெயரைக் கீறி வாக்காகப் போட்ட உடைந்த பானை ஓட்டுச் சில்லுகளைப் பற்றிச் சொல்லும்போது அது தண்டனை என்று விளக்குவது வழக்கமான பிழை. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. ஆண்டுக்கொரு முறை ‘நடத்தலாமா’ என்று மன்றத்தைக் கேட்டு, சரி என்றால் நாள் குறித்து வாக்கெடுப்பு. போனவர் பத்தாண்டு வெளியே இருப்பார். சொத்தும் குடியுரிமையும் அப்படியே இருக்கும். அக்ரோபோலிஸ் வடசரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளீஸ் பெயரோடு 190 சில்லுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் 14 பேர்தான். முன்கூட்டியே எழுதி வைத்து விநியோகிக்க ஒரு கூட்டம் இருந்திருக்கிறது.

டிக்கெட் விஷயத்தில் பழைய பயணக் குறிப்புகளை நம்பாதீர்கள். ஏழு இடங்களுக்குச் சேர்த்து 30 யூரோ என்றிருந்த கூட்டுச் சீட்டு 2025இல் நிறுத்தப்பட்டது. கிரேக்கத்தில் தொல்லியல் தளங்களுக்குள் விளக்கம் சொல்ல அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிக்குத்தான் அனுமதி. பதிவு செய்யுமுன் உரிமம் பற்றிக் கேளுங்கள். கூடவே ‘பினிக்ஸ், கெராமிகோஸ் இரண்டும் உண்டா, நுழைவுச் சீட்டு விலைக்குள் அடங்குமா’ என்றும் கேளுங்கள். ஜனவரி 1, மார்ச் 25, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் ஞாயிறு, மே 1, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் தளங்கள் மூடியிருக்கும். கடும் வெப்ப அலையில் நடுப்பகலில் மூடுவதும் உண்டு.

கடைசி நிறுத்தம் கெராமிகோஸ். பெயரைப் பார்த்து கெராமிகோஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்க வேண்டாம். எர்மு தெருவிலுள்ள வாசலுக்குத் திஸியோ நிலையம்தான் பக்கம். அகோராவிலிருந்து வருபவர்கள் நடந்தே வந்துவிடலாம். பெரிக்ளீஸ் கிமு 431இன் குளிர்காலத்தில் இறுதியஞ்சலி உரை ஆற்றிய பொது இடுகாட்டின் பெரும்பகுதி இன்றைய தெருக்களுக்கு அடியில் இருக்கிறது. பழைய நகர மதிலின் டிபிலோன் வாசலிலிருந்து புறப்படும் அகலச் சாலையின் தொடக்கம் மட்டும் வெளியே தெரிகிறது. செல்வக் குடும்பங்களின் அலங்காரக் கல்லறைகள் இருக்கும் மற்றொரு தெருவைக் காட்டி ‘இங்கேதான் பேசினார்’ என்பார்கள், அது வேறு. இங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தையும் விட வேண்டாம். 1960களில் எரிடானோஸ் ஓடையின் படுகையில் சுமார் 8,500 ஓட்டுச் சில்லுகள் எடுத்தது இந்தத் தளத்தில்தான். குளிர்காலத்தில் மூடும் நேரம் முன்னதாகவே வந்துவிடும், கடைசி நுழைவு அதற்கும் முன்னால் முடிந்துவிடும். அந்த மாதங்களில் போகிறவர்கள் அகோராவுக்கு முன்பே கெராமிகோஸை முடித்துக்கொள்வது நல்லது.