நான் தொடாத டேங்குக்குள் இரண்டு விரல்கடைத் தண்ணீர்

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் என் கேம்பர் ட்ரெய்லர் சின்னது. ஒற்றை அச்சு, இரண்டு பேர் படுக்கலாம், ஒரு சிங்க், ஒரு குழாய். கட்டிலுக்கு அடியில் 60 லிட்டர் நல்ல தண்ணீர் டேங்க் ஒன்று, தரைக்குக் கீழே சிங்க் கழிவுநீருக்கு 40 லிட்டர் டேங்க் ஒன்று. இரண்டையும் நான் பயன்படுத்துவதில்லை. குடிக்க, சமைக்க எல்லாம் கேனில் கொண்டுபோவேன். பாத்திரத்தை வெளியே ஒரு வாளியில் கழுவிக்கொள்வேன். டேங்க்கை நிரப்பினால் 60 கிலோ கூடுகிறது, என் சின்ன வண்டி இழுக்கத் திணறுகிறது.

பயன்படுத்தாத டேங்க்கை எதற்குப் பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். பதினான்கு மாதம் கழித்து ஒரு பயணத்தில் கேன் தீர்ந்துபோக, கை கழுவ மட்டும் கொஞ்சம் வருமா என்று பம்ப் சுவிட்சைப் போட்டேன். வந்தது. டீ நிறத்தில், அழுகிய முட்டை நாற்றத்தோடு வந்தது. நான் ஒரு சொட்டுகூட ஊற்றாத டேங்க்கில் தண்ணீர் எப்படி? வீட்டுக்கு வந்து தேடியதில், பக்கவாட்டில் தண்ணீர் நிரப்பும் வாயின் மூடி வாஷர் வெடித்திருந்தது. மழையும், வண்டி கழுவிய தண்ணீரும் அந்த வழியாக இறங்கி, அடியில் இரண்டு விரல்கடை நின்றிருக்கிறது. வெயிலில் நிற்கும் மூடிய டப்பாவுக்குள் வெதுவெதுப்பான தண்ணீர். கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட கணக்கு ஒன்றுதான். டேங்க் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சுத்தமான தண்ணீர் நிரம்பிப் புழக்கத்தில் இருக்க வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நடுவில் விடுவதுதான் கெடுதல். பயன்படுத்தாதவர்களுக்கு முதல் வழிதான் சரி. ஆனால் காய வைப்பது சொல்வதுபோல் எளிதல்ல.

வடிகால் வால்வைத் திறந்தால் டேங்க் காலியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். பல டேங்க்குகளில் வடிகால் துளை அடியிலேயே இருக்காது. பக்கச்சுவரில், தரையிலிருந்து கொஞ்சம் மேலே இருக்கும். அந்த மட்டத்துக்குக் கீழே ஒன்றிரண்டு லிட்டர் தங்கிவிடும். என்னுடையதில் துளை பின்பக்கம் இருப்பதால், மூக்கைத் தாங்கும் சின்னச் சக்கரத் தூணைச் சுழற்றி ட்ரெய்லரின் மூக்கைத் தூக்குகிறேன். அதற்கு முன்பே, அச்சில் இருக்கும் பெரிய சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, மூலையில் இருக்கும் தாங்கு கால்களை மேலே ஏற்றிவிட வேண்டும். சாய்த்த நிலையில் அரை மணி நேரம் விட்டால் மிச்சம் சொட்டிச் சொட்டி வரும். அதற்கும் வராத தண்ணீரை, டேங்க்கின் மேல் மூடி திறக்கக்கூடியதாக இருந்தால், பழைய துணியால் ஒற்றி எடுக்கலாம். என் டேங்க்கில் கை நுழையும் அளவுக்கு மூடி இருக்கிறது. இல்லாதவர்கள் நிரப்பும் வாய் வழியாக மெல்லிய ட்யூபை விட்டு உறிஞ்சலாம்.

டேங்க் காய்ந்தாலும் குழாய்கள் காயவில்லை என்பதை இரண்டாம் தடவைதான் கற்றேன். வால்வு திறந்திருக்கும்போதே குழாயைத் திறந்து, பம்பைப் போட்டு, தண்ணீர் நின்று காற்று மட்டும் வரும்வரை ஓடவிடுங்கள். வெந்நீர்க் குழாயும் இருந்தால் இரண்டையும் திறக்க வேண்டும். பம்ப் சில நொடிகள் வறட்சியாக ஓடினால் பாதகமில்லை, மறந்துபோய் விட்டுவிடாதீர்கள். பம்புக்கு முன்னால் சின்ன வடிகட்டிக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு மடக்குத் தண்ணீரும், பிளாஸ்டிக் துருவலும் கிடைக்கும். ட்ரெய்லர் தயாரிக்கும்போது துளை போட்ட துருவல் அது. வெந்நீர்ப் பாய்லர் இருந்தால், மின்சாரமோ கேஸோ அணைத்து, முழுக்க ஆறிய பிறகுதான் அதன் வடிகாலைத் திறக்க வேண்டும்.

பிறகு எல்லாவற்றையும் திறந்துபோட்டு, காற்றோட்டமான நாளில் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுகிறேன். நல்ல தண்ணீர் டேங்க்கின் வடிகால் வால்வை அதற்குப் பிறகும் மூடுவதில்லை. பின்னால் ஏதாவது கசிந்து இறங்கினாலும் தங்காமல் போய்விடும். திறந்த முனையில் மெல்லிய கம்பி வலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். குளவிக்கு இப்படி ஒரு ஓட்டை கிடைத்தால் போதும், மண் குழைத்துக் கூடு கட்டிவிடும். டேங்க்கின் காற்றுப் போக்கிக் குழாய்க்கும் இதே வலைதான். அது அடைத்துக்கொண்டால் பிறகு தண்ணீர் நிரப்பும்போது குடுகுடுவென்று வாய் வழியாகவே திரும்பிப் பொங்கும். மூடி வாஷரை மாற்றினேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கழிவுநீர் டேங்க்கில் வேறொரு விஷயம் இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் தண்ணீர் இருக்கக் கூடாது என்றேன் அல்லவா, ஓர் இடத்தில் மட்டும் இருந்தே ஆக வேண்டும். சிங்க்கின் கீழே வளைந்து போகும் ட்ராப். அதில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் டேங்க்கின் நாற்றத்தை அறைக்குள் வரவிடாமல் தடுக்கிறது. மாதக்கணக்கில் நின்றால் அது ஆவியாகிப் போய், ட்ரெய்லர் கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்க வைக்கும். ட்ராப்பில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் மிதந்து ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

அந்த டேங்க்கையும் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் விட்டு அலசி, வெளியேற்றி, ஒரு நாள் திறந்து வைத்து மூடிவிடலாம். அலசிய தண்ணீரைக் கழிவு கொட்டும் இடத்தில்தான் விட வேண்டும். இழுத்துத் திறக்கும் வால்வு பயன்படுத்தாமல் கிடந்தால் ரப்பர் காய்ந்து இறுகிக்கொள்ளும். மாதம் ஒருமுறை கைப்பிடியை நாலு தடவை இழுத்துத் தள்ளுங்கள். கம்பியில் சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். கையில் கிடைக்கும் மற்ற கிரீஸைப் போட்டால் ரப்பர் உப்பி வீணாகும்.

இவ்வளவும் செய்தபின் ஒருநாள் டேங்க்கைப் பயன்படுத்த ஆசை வந்தால்? காய்ந்த டேங்க்கும் குடிக்கும் அளவுக்குச் சுத்தம் என்று அர்த்தமில்லை. வாசனை சேர்க்காத சாதாரண பிளீச் திரவம், சோடியம் ஹைப்போகுளோரைட் 5 முதல் 6 சதவீதம் உள்ளது, டேங்க்கின் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லி. என் டேங்க்குக்கு 60 மில்லி. நேராக ஊற்றாமல் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, பிறகு டேங்க்கை விளிம்புவரை நிரப்ப வேண்டும். கரி வடிகட்டி இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். பிளீச் வாசனை வரும்வரை ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடி, நாலு மணி நேரம் விட்டு, வடித்து, வாசனை போகும்வரை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். எனக்கு இரண்டு அலசல் ஆனது. கூடுதல் பலன் கிடைக்கும் என்று நாள்கணக்கில் ஊற விடாதீர்கள், ரப்பரும் உலோகமும் கெடும். உப்புப் படிவுக்கு வினிகர் போடுவதானால் அது வேறொரு நாள். பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய ட்ரெய்லருக்குள் அது விளையாட்டல்ல.

உறைபனி விழும் இடத்தில் நிறுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. பம்பின் தலையில் தங்கிய ஒரு மடக்கு போதும், விரிசல் விட. குழாய்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் வரும், குடிநீர்க் குழாய்க்கென்றே விற்கும், உறைவதைத் தடுக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் திரவத்தை ஓடவிடலாம், ட்ராப்பிலும் தண்ணீருக்குப் பதில் அதையே ஊற்றலாம். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவதைத் தொடவே கூடாது. அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், விஷம்.

கடைசியாக, பம்ப் சுவிட்சின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன்: ‘வடிகால் வால்வு திறந்திருக்கிறது.’ பிளீச் போட்ட அன்று வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஹோஸைச் செருகி, பத்து நிமிடம் நின்று பார்த்தேன். டேங்க் நிரம்பவே இல்லை, காலடியில்தான் சேறானது. அதன் பிறகு ஒட்டியது. நிரப்பும் வாயின் மூடியிலும் இன்னொன்று இருக்கிறது.